வாடகைக்கு விடும் முன்: விண்ணப்பதாரரை எடைபோட்டு முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வீடு காலியாகக் கிடந்தால் வீட்டுக்காரருக்குத் தூக்கம் வராது. அந்த நேரத்தில் "நாளைக்கே குடிவருகிறேன், பணம் கையில் இருக்கிறது" என்று ஒருவர் வந்து நின்றால் மற்றதெல்லாம் மறந்துபோகும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீடு இன்னும் ஒரு மாதம் காலியாக இருந்தால் நட்டம் ஒரு மாத வாடகை, அவ்வளவுதான். தவறான ஆளைக் குடிவைத்தால் அவர் வைக்கும் பாக்கி, நோட்டீஸ் காலம், வழக்குச் செலவு, காலி செய்த பின் பழுதுபார்ப்பு, அது முடியும்வரை மறுபடியும் காலி வீடு என்று எல்லாம் வரிசையாக வந்து சேரும். குடிவைப்பது ஒரு நாள் வேலை. சட்டப்படி வெளியேற்றுவது பெரும்பாலும் மாதக்கணக்கில் இழுக்கும்.

ஒன்றிரண்டு வீடுகளைத் தாங்களே வாடகைக்கு விடுபவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. வீடு தேடுபவர்களும் படிக்கலாம்; தங்கள் விண்ணப்பம் எங்கே தேங்குகிறது என்பது புரியும்.

எத்தனை படிவம், எத்தனை ரிப்போர்ட் வாங்கினாலும் பதில் தேடும் கேள்விகள் மூன்றுதான். இவரால் வாடகை கொடுக்க முடியுமா? முடிந்தால் கொடுப்பாரா? வீட்டை ஒழுங்காக வைத்திருப்பாரா? முதல் கேள்விக்கு வருமானம் பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பழைய கடன், வாடகை வரலாறு சொல்லும். மூன்றாவதற்கு முந்தைய வீட்டுக்காரர் ஒருவர்தான் சொல்ல முடியும். வந்தவரின் உடை, கார், பேச்சு, பெயர் இவற்றில் எதுவுமே இந்த மூன்றுக்கும் பதில் ஆகாது. ஆனால் நாம் பெரும்பாலும் அவற்றை வைத்துத்தான் முடிவெடுக்கிறோம்.

படி 1: ஆளைப் பார்க்கும் முன் அளவுகோலை எழுதுங்கள்

விளம்பரம் கொடுப்பதற்கு முந்தைய நாளே, ஒரு தாளில் உங்கள் நிபந்தனைகளை எழுதித் தேதி போடுங்கள். குறைந்தபட்ச வருமானம் எவ்வளவு, எத்தனை பேர் தங்கலாம், செல்லப்பிராணிக்கு அனுமதி உண்டா, புகைபிடிக்கலாமா, கடன் வரலாற்றில் எதை ஏற்பீர்கள், எதை ஏற்கமாட்டீர்கள், குறைந்தது எத்தனை மாத ஒப்பந்தம். அரைப்பக்கம் போதும்.

இதனால் இரண்டு பலன். ஒன்று, நல்ல பேச்சில் மயங்காமல் இது உங்களைக் காக்கும். இனிமையாகப் பேசும் ஆள் வந்ததும் "வருமானம் கொஞ்சம் குறைவுதான், பரவாயில்லை" என்று மனம் இளகும். வேறொருவர் வந்தால் அதே குறை பெரிய குற்றமாகத் தெரியும். இரண்டாவது, சட்டம். அமெரிக்காவில் 1968-இல் வந்த நியாய வீட்டுவசதிச் சட்டம் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு ஆகியவற்றை வைத்து மறுப்பதைத் தடை செய்தது. 1974-இல் பாலினமும், 1988-இல் உடல், மனக் குறைபாடும், குழந்தைகளோடு வாழும் குடும்பம் என்ற நிலையும் சேர்ந்தன. பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமும், ஜெர்மனியில் 2006-ஆம் ஆண்டின் சமநடத்தைச் சட்டமும் இதே வேலையைச் செய்கின்றன. "ஏன் எனக்கு மறுத்தீர்கள்?" என்று ஒருவர் கேட்கும்போது, முன்பே எழுதி வைத்த தாள்தான் உங்கள் சாட்சி.

சியாட்டில் நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. நிபந்தனைகளை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், விண்ணப்பங்கள் வந்த நேரத்தைக் குறிக்க வேண்டும், தகுதியுள்ள முதல் ஆளுக்கே வீட்டைத் தர முன்வர வேண்டும் என்று 2016-இல் சட்டம் போட்டது. வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2019-இல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை நிலைநிறுத்தியது. உங்கள் ஊரில் அப்படிக் கட்டாயம் இல்லாவிட்டாலும் அந்த முறையைக் கடைப்பிடிக்கலாம் என்பது என் கருத்து. "எல்லோரிலும் சிறந்தவர்" யார் என்று தேட ஆரம்பித்தால் நம்மையறியாமல் நம்மைப் போன்றவரைத்தான் தேடுவோம். "தகுதியுள்ள முதல் ஆள்" என்பதில் அந்த ஆபத்து குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும்.

படி 2: போனிலேயே வடிகட்டுதல்

வீடு பார்க்க வருகிறேன் என்பவரிடம் எப்போது குடிவர வேண்டும், எத்தனை பேர், பிராணிகள் உண்டா, ஏன் இப்போதைய வீட்டை விடுகிறீர்கள் என்று கேளுங்கள். பிறகு உங்கள் நிபந்தனைகளைப் படித்துக் காட்டுங்கள். பொருந்தாதவர்கள் தாங்களாகவே விலகிவிடுவார்கள். எல்லோரிடமும் அதே கேள்விகள், அதே வரிசை. "எந்த ஊர்க்காரர்?", "கல்யாணம் ஆகிவிட்டதா?", "குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா?" போன்றவை வேண்டாம். ஜெர்மனியில் கர்ப்பமாக இருக்கிறீர்களா என்று கேட்பதே அனுமதிக்கப்படாத கேள்வி. அதற்குப் பொய்யான பதில் சொன்னாலும் வாடகை ஒப்பந்தம் பாதிக்கப்படாது.

படி 3: விண்ணப்பப் படிவம்

வீட்டில் தங்கப்போகும் வயதுவந்த ஒவ்வொருவரும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். ஒருவர் பெயரில் விண்ணப்பித்து நால்வர் குடியேறுவது இங்கேதான் தடுக்கப்படுகிறது. பெயர், கடந்த சில ஆண்டுகளின் முகவரிகள், அந்த வீட்டுக்காரர்களின் தொடர்பு எண், வேலை, வருமானம். கடைசியில், விவரங்களைச் சரிபார்க்கவும் கடன் அறிக்கை எடுக்கவும் சம்மதிக்கிறேன் என்ற வரியும் கையெழுத்தும். அது இல்லாமல் யாருடைய கடன் அறிக்கையையும் தொடாதீர்கள்.

கட்டணம் வாங்கலாமா என்பது இடத்தைப் பொறுத்தது. இங்கிலாந்தில் 2019 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி சரிபார்ப்புச் செலவை வாடகைதாரரிடம் வாங்கவே கூடாது. நியூயார்க் மாநிலத்தில் பின்னணிச் சோதனைக்கு 20 டாலருக்கு மேல் வாங்க முடியாது. எந்த ஆவணத்தைக் கேட்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. பிரான்சில் 2015-ஆம் ஆண்டின் அரசாணை, கேட்கக்கூடிய ஆவணங்களைப் பட்டியல் போட்டிருக்கிறது. அதில் வங்கிக் கணக்கு அறிக்கை கிடையாது. மற்ற பல நாடுகளில் முதலில் கேட்பதே அதைத்தான். ஆகவே, இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு நாட்டுப் படிவத்தை அப்படியே அச்செடுத்துக் கொடுக்காதீர்கள்.

படி 4: ஆள் யார்?

அடையாள அட்டையின் அசலைப் பாருங்கள். படம், பெயர், பிறந்த தேதி மூன்றும் விண்ணப்பத்தோடு ஒத்துப்போக வேண்டும். இங்கிலாந்தில் இது விருப்பம் அல்ல, கடமை. 2014-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின்கீழ், அங்கே வாடகைக்கு இருக்க உரிமை உள்ளவரா என்று வயதுவந்த ஒவ்வொருவரையும் சோதிக்க வேண்டும். 2016 பிப்ரவரி முதல் இது இங்கிலாந்து முழுவதற்கும் பொருந்தும். வெளிநாட்டவர் போலத் தோன்றுபவரை மட்டும் சோதிப்பது பாகுபாடு. சோதித்தால் எல்லோரையும் சோதிக்க வேண்டும்.

படி 5: வருமானம்

வாடகையைப் போல மூன்று மடங்கு மாத வருமானம் வேண்டும் என்பது பரவலான விதி. நியூயார்க் நகரில் இதை ஆண்டுக் கணக்கில் சொல்வார்கள்: ஆண்டு வருமானம் மாத வாடகையைப் போல 40 மடங்கு. அதாவது வருமானத்தில் 30 சதவீதம் வாடகைக்குப் போகலாம். இங்கிலாந்தில் சரிபார்ப்பு நிறுவனங்கள் பெரும்பாலும் 30 மடங்கு என்று வைத்திருக்கின்றன. அங்கே 40 சதவீதம்வரை போகலாம் என்று பொருள். இந்த 30 சதவீதம் எந்த ஆய்வுக்கூடத்திலும் கண்டுபிடித்த எண் அல்ல. அமெரிக்க அரசு வீடுகளில் குடியிருப்போரின் வாடகை வருமானத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 1969-இல் வரம்பு வந்தது. 1981-இல் அது 30 ஆக்கப்பட்டது. அந்த அரசு வரம்புதான் நாளடைவில் எல்லோருக்குமான கட்டைவிரல் விதியாக நிலைத்துவிட்டது.

அதனால் மடங்கை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். வாடகை 1,200 என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கைக்கு வரும் சம்பளம் 4,000. கார் கடனுக்கும் கடன் அட்டைக்கும் மாதம் 1,500 கட்டுகிறார். இன்னொருவருக்கு 3,300, கடனே இல்லை. மூன்று மடங்கு விதிப்படி முதலாமவர் தேறிவிட்டார், இரண்டாமவர் தோற்றுவிட்டார். வாடகை கட்டியபின் கையில் மிஞ்சுவதைப் பாருங்கள்: முதலாமவருக்கு 1,300, இரண்டாமவருக்கு 2,100. எனக்கு இரண்டாமவர்தான் பத்திரமான ஆள். உங்கள் அளவுகோல் தாளில் "கடன் தவணை போக மிஞ்சும் தொகை" என்ற வரியையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வருமானத்தை மட்டும் வைத்து நிராகரிப்பதையே விதிகள் அனுமதிப்பதில்லை. வாடகை வரலாற்றையும் கடன் விவரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த விவரங்கள் இல்லாமல் இருப்பதையும் குறையாகக் கொள்ளக்கூடாது.

மாதச் சம்பளக்காரரிடம் கடைசி இரண்டு மூன்று சம்பளச் சீட்டும் வேலைக்கான உறுதிக் கடிதமும் வாங்குங்கள். சொந்தத் தொழில் செய்பவரின் ஒரு மாத வரவு எதையும் சொல்லாது. இரண்டு ஆண்டு வரித் தாக்கல், சட்டம் அனுமதித்தால் ஆறு மாதமோ ஒரு வருடமோ வங்கிக் கணக்கு. அதில் மொத்த விற்பனையைப் பார்க்காமல் செலவு போன லாபத்தைப் பாருங்கள். ஓய்வுபெற்றவருக்கு ஓய்வூதியத்தோடு சேமிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாணவருக்கு ஜாமீன் போடுபவர் தேவைப்படும். அவருக்கான அளவு கூடுதலாக இருக்கும்: நியூயார்க்கில் வழக்கமாக 80 மடங்கு, இங்கிலாந்தில் 36 மடங்கு. அவர் தன் வீட்டுச் செலவையும் தாங்கி உங்கள் வாடகையையும் தாங்க வேண்டுமல்லவா.

போலிச் சீட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கணினி இருந்தால் யாரும் பத்து நிமிடத்தில் ஒரு சம்பளச் சீட்டைத் தயாரித்துவிடலாம். பிடிப்பதும் அவ்வளவு கடினமில்லை. பிடித்தங்களைக் கூட்டிப் பாருங்கள். போலிகளில் கூட்டல் அடிக்கடி இடிக்கும். ஆண்டுத் தொடக்கத்திலிருந்து சேர்த்துக் காட்டும் மொத்தம், மாதச் சம்பளத்தோடு பொருந்துகிறதா? எல்லாத் தொகையும் பூஜ்யத்தில் முடிகிறதா? ஒரே சீட்டில் எழுத்துரு மாறுகிறதா? சீட்டில் உள்ள நிகரத் தொகை அதே தேதியை ஒட்டி வங்கியில் வரவாகியிருக்கிறதா? மிக முக்கியம்: விண்ணப்பத்தில் எழுதிய எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். நிறுவனத்தின் பொது எண்ணை நீங்களே தேடி எடுத்து அழையுங்கள். "மேலாளர்" என்று கொடுக்கப்பட்ட எண்ணின் மறுமுனையில் நண்பர் இருப்பது பழைய தந்திரம்.

படி 6: கடன் அறிக்கை

கடன் அறிக்கையை வைத்துப் போடும் மதிப்பெண்தான் கிரெடிட் ஸ்கோர். அது ஒரே எண் என்பதால் எல்லோருக்கும் பிடிக்கிறது. அமெரிக்காவில் புழக்கத்தில் உள்ள ஃபைக்கோ ஸ்கோர் 300 முதல் 850 வரை. ஆனால் அது, வாங்கிய கடனை ஒருவர் 90 நாளுக்கு மேல் தாமதிக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கச் செய்யப்பட்டது. வாடகை கட்டுவாரா என்பது அதன் கேள்வி அல்ல. கடன் அட்டைத் தவணையைத் தள்ளிப்போட்டாலும் வாடகையை முதல் தேதியே கட்டிவிடுபவர்கள் நிறைய உண்டு; தலைக்கு மேல் கூரை முக்கியம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதனால் எண்ணைத் தாண்டி உள்ளே படியுங்கள். பழைய வீட்டு வாடகைப் பாக்கியோ மின்கட்டணப் பாக்கியோ வசூல் நிறுவனத்துக்குப் போயிருந்தால் அது நேரடியான எச்சரிக்கை. மருத்துவச் செலவால் வந்த கடன் அப்படியல்ல. நான்கு வருடம் முன்பு சரிந்து அதன்பின் ஒழுங்காகக் கட்டிவருபவர், இன்று நல்ல எண் இருந்தும் கடந்த மூன்று மாதமாகத் தவணை தவறுபவரை விட மேல். பழைய தவறுகள் அறிக்கையில் நீண்ட நாள் இருக்கும்: அமெரிக்காவில் பெரும்பாலானவை 7 ஆண்டு, திவால் 10 ஆண்டு, பிரிட்டனில் கடன் தொடர்பான நீதிமன்றத் தீர்ப்பு 6 ஆண்டு. தேதியைப் பார்க்காமல் பயப்பட வேண்டாம்.

புதிதாக அந்த நாட்டுக்கு வந்தவருக்கு அறிக்கையே வெறுமையாக இருக்கும். அது கெட்ட வரலாறு அல்ல, வரலாறே இல்லை என்பதுதான். வேலைக் கடிதம், சேமிப்பு, முன்பிருந்த நாட்டின் வீட்டுக்காரரின் கடிதம் ஆகியவற்றை வைத்து எடைபோடலாம்.

"ஏற்கலாம்", "மறுக்கலாம்" என்று தானே மதிப்பெண் போட்டுத் தரும் மென்பொருள்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. அந்த மதிப்பெண்ணை எப்படிப் போட்டது என்று அவை சொல்வதில்லை. அரசு வாடகை உதவி பெறுவோரையும் கறுப்பின, ஹிஸ்பானிக் விண்ணப்பதாரர்களையும் அப்படியொரு மதிப்பெண் முறை பாதிக்கிறது என்று மாசசூசெட்ஸில் தொடுக்கப்பட்ட வழக்கு, 2024-இல் 20 லட்சம் டாலருக்கு மேலான சமரசத்தில் முடிந்தது. அறிக்கையை வாங்குங்கள், தீர்ப்பை வாங்காதீர்கள்.

படி 7: முந்தைய வீட்டுக்காரருக்கு ஒரு போன்

இத்தனை படிகளில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள் என்பேன். ஆனால் பலர் தவறான ஆளை அழைக்கிறார்கள். இப்போதைய வீட்டுக்காரர் சொல்வதை அப்படியே நம்ப முடியாது. தொல்லை தரும் ஆள் எப்போது போவார் என்று காத்திருப்பவர், "தங்கமான மனிதர், உடனே எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார். நல்ல ஆளை இழக்க மனமில்லாதவர் தயங்கித் தயங்கிப் பேசுவார். அதற்கு முந்தைய வீட்டுக்காரருக்கு இந்த இரண்டு காரணமும் இல்லை. அவரிடம் போங்கள்.

அழைக்கும் முன், அவர் உண்மையிலேயே அந்த வீட்டின் உரிமையாளர்தானா என்று பாருங்கள். சொத்துப் பதிவேடு பொதுவில் உள்ள இடங்களில் இது சில நிமிட வேலை. பேசும்போது பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். "இவர் இரண்டு வருடம் இருந்தாராமே?" என்றால் "ஆமாம்" என்று வரும். "எப்போதிலிருந்து எப்போது வரை இருந்தார்? வாடகை எவ்வளவு?" என்று கேட்டால், நண்பரை வீட்டுக்காரராக நடிக்க வைத்திருந்தால் அங்கேயே தடுமாறுவார்.

பிறகு இவற்றைக் கேளுங்கள்:

- வாடகை தேதி தவறியதுண்டா? தவறினால் முன்கூட்டியே சொன்னாரா?
- நோட்டீஸ் அனுப்ப நேர்ந்ததா?
- அக்கம்பக்கத்திலிருந்து புகார் வந்ததா?
- டெபாசிட்டில் எவ்வளவு திருப்பித் தந்தீர்கள்? பிடித்தது எதற்காக?
- மறுபடியும் அவருக்கே வீட்டை விடுவீர்களா?

கடைசிக் கேள்விக்குப் பதில் வருமுன் உள்ள தயக்கமே பல சமயம் பதில். ஆனால் சிலர், குறிப்பாக நிறுவனங்கள், வழக்குக்குப் பயந்து தேதியையும் வாடகைத் தொகையையும் தவிர எதுவும் சொல்லமாட்டார்கள். அந்த மௌனத்தைக் கெட்ட சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய வீட்டில் தகராறு இருந்திருந்தால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், கையில் உள்ள ரசீதையும் காட்டுங்கள். மறைத்து, பிறகு போனில் தெரியவந்தால், தகராறை விட மறைத்ததுதான் பெரிதாகத் தெரியும்.

படி 8: நீதிமன்றப் பதிவு, குற்றப் பின்னணி

இதில் உள்ளூர்ச் சட்டம் தெரியாமல் இறங்காதீர்கள். நியூயார்க் மாநிலத்தில், முன்பு வீட்டுவசதி நீதிமன்ற வழக்கில் பெயர் இருந்தது என்பதற்காக மறுக்கக்கூடாது என்று 2019-இல் சட்டம் வந்தது. அதில் நியாயம் உண்டு. வழக்குப் போடப்பட்டதாலேயே ஒருவர் தவறு செய்தவர் ஆகிவிடமாட்டார், ஜெயித்தவர்களின் பெயரும் அதே பதிவில்தான் இருக்கும். குற்றப் பின்னணியைப் பார்க்க அனுமதி உள்ள இடங்களில், என்ன குற்றம், எத்தனை ஆண்டு முன்பு, வீட்டின் பாதுகாப்போடு அதற்குத் தொடர்பு உண்டா என்று பாருங்கள். கைது மட்டும் குற்றம் ஆகாது. பெயர்க் குழப்பமும் சகஜம்; பிறந்த தேதியை ஒத்துப் பாருங்கள்.

அவசரமும் அதிகப் பணமும்

வீட்டைப் பார்க்காமலே எடுத்துக்கொள்கிறேன், ஒரு வருட வாடகையை ரொக்கமாகத் தருகிறேன், சரிபார்ப்பு மட்டும் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் நிதானியுங்கள். சட்டவிரோத வேலைக்கு வீடு தேடுபவர்களும், எடுத்து மேல்வாடகைக்கு விடுபவர்களும் இப்படி வருவதுண்டு. கேட்ட தொகையை விட அதிகமாகக் காசோலை அனுப்பி, மிச்சத்தைத் திருப்பிக் கேட்பதும் மோசடிதான். அந்தக் காசோலை சில நாளில் திரும்பிவிடும். அதே சமயம், திடீர் வேலை மாற்றத்தாலோ வீட்டில் நடக்கும் வன்முறைக்குத் தப்பியோ அவசரப்படுபவரும் உண்டு. அவர்கள் சரிபார்ப்பை மறுப்பதில்லை. வித்தியாசம் அங்கேதான்.

படி 9: முடிவு

ஏற்பது, நிபந்தனையோடு ஏற்பது, மறுப்பது என்று மூன்று வழி. நடுவில் உள்ளதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வருமானம் சற்றுக் குறைந்தால் ஜாமீன் கேட்கலாம். நண்பர்கள் சேர்ந்து எடுத்தால், ஒவ்வொருவரும் முழு வாடகைக்கும் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். ஒருவர் போய்விட்டால் மற்றவர் "என் பங்கு இவ்வளவுதான்" என்று சொல்ல முடியாது. கூடுதல் டெபாசிட்டும் ஒரு வழி, ஆனால் அதற்குப் பல இடங்களில் உச்சவரம்பு இருக்கிறது: ஜெர்மனியில் 3 மாத அடிப்படை வாடகை, இங்கிலாந்தில் பெரும்பாலும் 5 வார வாடகை, நியூயார்க் மாநிலத்தில் 1 மாதம், இந்தியாவின் 2021 மாதிரி வாடகைச் சட்டத்தில் வீடுகளுக்கு 2 மாதம்.

மறுப்பதாக இருந்தால் எழுத்தில், சுருக்கமாக, எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்று சொல்லுங்கள். பதிலே சொல்லாமல் இழுப்பது அநாகரிகம். அவர் உங்களை நம்பி வேறு வீடுகளைத் தவறவிட்டுக்கொண்டிருப்பார். அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டப்படி, அறிக்கையில் உள்ளதை வைத்து மறுத்தாலோ கூடுதல் டெபாசிட் கேட்டாலோ, எந்த நிறுவனத்தின் அறிக்கை என்பதைத் தெரிவிக்க வேண்டும். 60 நாளுக்குள் அவர் அதன் நகலை இலவசமாகப் பெற்று, தவறு இருந்தால் திருத்தக் கேட்கலாம்.

படி 10: சாவி கொடுக்கும்வரை

தேர்ந்தெடுத்தவருக்குச் சம்மதம் சொல்லக் கெடு வையுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி, முதல் வாடகையும் டெபாசிட்டும் உங்கள் கணக்கில் சேர்ந்தபிறகுதான் மற்றவர்களுக்கு "வீடு போய்விட்டது" என்று சொல்ல வேண்டும். அதுவரை, வரிசையில் அடுத்து இருக்கிறீர்கள் என்று உள்ளதைச் சொல்லி வைக்கலாம். இடத்தைப் பிடித்து வைக்க வாங்கும் முன்பணம் இங்கிலாந்தில் ஒரு வார வாடகையைத் தாண்டக்கூடாது. காசோலை என்றால் பணமாக மாறும்வரை சாவி உங்களிடமே இருக்கட்டும். குடிவரும் நாளில் ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து, இருவரும் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

மிஞ்சுவது காகிதம். அளவுகோல் தாள், விண்ணப்பங்கள் வந்த நேரம், மறுத்த காரணம் ஆகியவற்றை, வழக்கு வரக்கூடிய காலம்வரை வைத்திருங்கள். இங்கிலாந்தில் வாடகை உரிமைச் சோதனையின் நகலை, வாடகைக் காலம் முடிந்தபின்னும் ஓராண்டு வைத்திருக்க வேண்டும். ஆனால் மறுக்கப்பட்டவர்களின் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வங்கி விவரம் உங்கள் போனிலும் மின்னஞ்சலிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கக்கூடாது. ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகள், தேவை முடிந்ததும் அவற்றை நீக்கச் சொல்கின்றன. வேறு இடங்களிலும் அதையே செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படங்களையும் சேர்த்து அழியுங்கள்.